நாடு இழந்தார், வீடு சமைத்தார்

கனகசெட்டிக்குளத்திலிருந்து நாள்தோறும் கல்லூரிக்குப் பேருந்தில் வருபவள் நான். எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. அங்கிருந்து வரும் தோழி ஒருத்தி எனக்குப் பேருந்தில் பழக்கம். அவளுடைய பாட்டி 1990-ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்தவர். தோழியோ இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒருநாள் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். விரும்பி வராத இடத்தை ஒருவர் தம் வீடாக்கிக்கொள்ள முடியுமா என்பதே அக்கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. பேருந்து காலாப்பட்டைக் கடந்து, கோரிமேட்டுச் சாலையைப் பிடிக்கும் வரையில் நாங்கள் இருவரும் பேசாமலே வந்தோம்.

பல மாதங்கள் கழித்து, நம் கல்லூரி நூலகத்தில் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அப்போதுதான் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைத்ததாக உணர்ந்தேன். மாண்டிசோரி என்றால் நம்மில் பலருக்கு ஆங்கிலப் பள்ளிகளின் பெயர்ப் பலகையே நினைவுக்கு வரும். பெருங்கட்டணம், கழுத்துப்பட்டை, சீருடை ஆகியவையும் உடன் வரும். அந்தப் பெயருக்கு உரியவர் சேரிக் குழந்தைகளுக்காகத் தம் பணியைத் தொடங்கினார் என்பதையும், முதுமையில் நாடற்றவர்போல் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்தார் என்பதையும் நம்மில் எத்தனைபேர் அறிவோம்? அறியாதவர்களுள் நானும் ஒருத்தியாக இருந்தேன். ஆகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இளமையும் கல்வியும்

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க அலுவலர், பழமையில் பற்றுடையவர். தாய் ரெனில்தே நூல்கள் பல கற்றவர். மரியாவின் ஐந்தாம் வயதில் குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் அந்நாட்டில் படித்த பெண்ணுக்கு ஆசிரியப்பணி ஒன்றுதான் திறந்திருந்த வழி. மகள் ஆசிரியை ஆகட்டும் என்று தந்தையார் விரும்பினார். மகளோ அது ஒன்று மட்டும் வேண்டாம் என்று மறுத்தார். முதலில் பொறியியலில் நாட்டம் கொண்டார்; பின்னர் மருத்துவமே தம் துறை என்று முடிவு செய்தார். பிற்காலத்தில் உலகத்து ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியராக விளங்கியவர், தொடக்கத்தில் ஆசிரியப்பணியை ஒதுக்கித் தள்ளினார் என்பது வியப்புக்குரியது.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவியாக அவர் பட்ட துன்பங்கள் பல. ஆண்களுடன் சேர்ந்து நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று அன்றைய சமூகம் கருதியது. ஆகவே மற்ற மாணவர்கள் சென்றபின் அவர் தனியே அந்த அறையில் நின்று பயில வேண்டியிருந்தது. விளக்கொளியில், பிணங்களின் நடுவே, துணைக்கு ஒருவருமின்றிப் பயின்ற அந்த இளம்பெண்ணை எண்ணிப் பார்க்கும்போது, முதல் வகுப்பு ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழையத் தயங்கி நின்ற என் முதலாண்டு நாள்கள் எனக்கு வெட்கத்தையே தருகின்றன. 1896-ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் பெர்லின் நகரில் கூடிய உலக மாதர் மகாநாட்டில், ஆணுக்கு நிகரான கூலி பெண்ணுக்கும் வேண்டும் என்று வாதாடினார்.

கைகளின் பசி

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டுப் பைத்தியக்கார விடுதிகளுக்குச் செல்வது வழக்கம். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அந்நாளில் அங்கேதான் அடைத்து வைத்திருந்தனர். வெறும் அறை, ஒரு பொம்மையில்லை, ஒரு பொருளில்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைத் தேடித் துழாவினர். மற்றவர்கள் அதைப் பெருந்தீனி என்று அருவருத்தனர். அம்மையார் அதை வேறு கண்ணால் கண்டார். அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப் பசி இல்லை; கைகளின் பசி. தொடவும் பிடிக்கவும் உருட்டவும் ஏதுமில்லாத கொடுமையே அவர்களைத் தரையைத் துழாவச் செய்தது என்று உணர்ந்தார்.

பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இதார், செகான் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். கைக்குப் பொருள் தந்து அறிவை எழுப்பும் வழிகளை வகுத்தார். 1900-ஆம் ஆண்டில் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றின் பொறுப்பை ஏற்றார். அங்கே பயின்ற சிலர் மற்றக் குழந்தைகளுக்குரிய பொதுத்தேர்விலும் தேறினர். ஊரார் அவரைப் பாராட்டினர். அவரோ, குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு செய்தால், குறையில்லாத குழந்தைகளை இவ்வளவு கீழே வைத்திருக்கும் பள்ளிகளில் என்ன கோளாறு என்று எண்ணத் தொடங்கினார்.

மறைக்கப்பட்ட மகன்

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை உண்மையாகாது. 1898-ஆம் ஆண்டு அம்மையாருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தை, உடன் பணியாற்றிய மருத்துவர் மோன்தெசானோ. இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. செய்தி வெளிப்பட்டால் மருத்துவப்பணி, பதவி, பெயர் யாவும் அன்றோடு முடிந்துவிடும். ஆகவே குழந்தை மாரியோவை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்க்கக் கொடுத்தனர். தாய் அவ்வப்போது சென்று பார்ப்பார். தாம் தாய் என்று மட்டும் சொல்லமாட்டார். மகன் பதினைந்து வயதை எட்டிய காலத்தில்தான் அவரிடம் வந்து சேர்ந்தான். அதன்பின்னும் நெடுங்காலம் உலகுக்கு அவன் மருமகன் முறை உறவினன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அறிமுகம் ஆனான்.

ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் தாயானவர் தம் குழந்தையை மறைத்து வளர்த்தாரே என்று குறை கூறுவோர் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மருத்துவருக்கு இதனால் பெயரும் பதவியும் போகவில்லையே, ஏன் என்று எண்ணிப் பார்த்தபோது, குறையை யார்மேல் சுமத்துவது என்பதில் எனக்குத் தயக்கம் வந்துவிட்டது.

குழந்தைகள் இல்லம்

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் அடுக்கு வீடுகளைச் செப்பனிட்டுக் குடியமர்த்தியது. பெற்றோர் வேலைக்குப் போனபின் சிறு குழந்தைகள் சுவர்களையும் படிகளையும் கெடுத்தன. அவர்களை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் செலவு மிச்சம் என்று நிறுவனத்தார் கருதி அம்மையாரை அணுகினர். இவ்வாறு சுவரைக் காப்பாற்றுவதற்காகத் தோன்றியதுதான், 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லம். பள்ளி என்று பெயரிடாமல் இல்லம் என்று பெயரிட்டது கவனிக்கத்தக்கது.

ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் வந்தனர். குழந்தையின் உயரத்துக்கேற்ற நாற்காலி, கைக்கு எட்டும் அலமாரி, துளையில் பொருந்தும் மர உருளைகள், அடுக்கிப் பார்க்கும் கட்டைகள் ஆகியவற்றை அமைத்தார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்தார். பரிசும் இல்லை, பிரம்பும் இல்லை. நான்கு வயதுக் குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கினர்.

ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் குழந்தைகள் மகிழ்ந்து கைதட்டினர். அவருக்கு முதலில் காரணம் விளங்கவில்லை. பின்னர்தான் விளங்கிற்று. மூக்கு ஒழுகுகிறது என்று அதுவரை எல்லோரும் அவர்களை ஏசியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் மதித்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்நிகழ்ச்சியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பால்வாடியில் உதவியாளராகப் பணிபுரியும் என் தாயார், முந்தானையால் எத்தனை மூக்குகளைத் துடைத்திருப்பார் என்று எண்ணினேன். அவர் மாண்டிசோரியின் பெயரைக்கூடக் கேட்டவரல்லர். ஆனாலும் தட்டில் மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுத வைப்பார். நம் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய அந்த மணலுக்கும், ரோமாபுரியின் உப்புத்தாளுக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

துரத்திய அரசுகள்

1909-ஆம் ஆண்டில் அம்மையாரின் முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. 1912-இல் ஆங்கிலத்தில் வந்தது. உலகெங்கும் அவர் புகழ் பரவியது. 1915-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் அமைத்து, குழந்தைகள் கற்பதைப் பொதுமக்கள் வெளியிலிருந்து காணச் செய்தனர். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரம் அவருக்கு இரண்டாம் இல்லமாயிற்று.

1924-ஆம் ஆண்டு இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அவரை ஆதரிக்க முன்வந்தார். அம்மையார் அந்த ஆதரவை ஏற்றார். பள்ளிகள் பெருகின. இது அவர் வாழ்வில் ஒரு கறை என்றே நான் கருதுகிறேன். குழந்தைகளுக்கு நன்மை விளைந்தால் போதும், கை யாருடையதாயினும் ஆகட்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். ஆனால் தானே சிந்திக்கும் குழந்தையைச் சர்வாதிகாரம் எத்தனை நாள் பொறுக்கும்? சில ஆண்டுகளில் முரண்பாடு முற்றியது. 1934-ஆம் ஆண்டில் அவர் இத்தாலியோடு உறவறுத்து வெளியேறினார். அங்கே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதிதான்.

பார்சிலோனாவிலாவது நிம்மதி கிடைத்ததா? 1936-ஆம் ஆண்டு ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் ஏறி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கிருந்து ஹாலந்து சென்றார். அறுபத்தாறு வயதில், பல ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறிய அந்த மூதாட்டிக்கும், 1990-இல் படகேறிய என் தோழியின் பாட்டிக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் உலகப் புகழ் பெற்றவர். மற்றவரை முகாமுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவ்வளவே.

அடையாறு

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக அப்போது இருந்தவர் ஜார்ஜ் அருண்டேல். அவருடைய துணைவியாரே கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி. அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939-ஆம் ஆண்டின் இறுதியில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், மகன் மாரியோவுடன் அம்மையார் சென்னை வந்தார். சில மாதங்கள் பயிற்சி நடத்தித் திரும்புவதே திட்டம். அவர் இந்தியாவுக்கு முற்றிலும் அயலவர் அல்லர். 1931-ஆம் ஆண்டில் காந்தியடிகள் இலண்டனில் அவருடைய பயிற்சிக் கூடத்துக்கு வந்து உரையாற்றியிருந்தார். தாகூரும் அவர் முறையில் ஈடுபாடு கொண்டவர்.

அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் பயில வந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அதை ஆங்கிலத்தில் பெயர்ப்பார். கடற்காற்று வீசும் கொட்டகையில், தனக்குப் புரியாத மொழிகள் பேசும் மாணவர்களின் நடுவே அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. உடனே பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு இத்தாலியர் அனைவரும் பகைநாட்டார் ஆயினர். மாரியோவைப் பிடித்து அகமத்நகர் முகாமில் அடைத்தனர். அம்மையாரைச் சபையின் வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தினர். எந்த முசோலினியின் நாட்டை விட்டு அவர் வெளியேறினாரோ, அதே முசோலினியின் நாட்டவர் என்பதற்காகவே அவர் காவலில் வைக்கப்பட்டார். ஹாலந்தையோ ஜெர்மானியப் படை பிடித்துவிட்டது. பேரக்குழந்தைகள் அங்கே அகப்பட்டுக்கொண்டனர். அகதியாக ஓடியவரைப் பகைவராக எண்ணும் இந்தப் பேதைமை இன்றும் உலகில் ஒழியவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்நாளுக்குரிய பரிசாக அரசாங்கம் மாரியோவை விடுதலை செய்தது. வைசிராயிடமிருந்து வந்த செய்தி, மாரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டது. நாற்பத்திரண்டு ஆண்டுகளாக மறைத்து வைத்த உறவை அந்நியரின் அரசாங்கத் தந்தி ஒன்று ஊரறிய வெளிப்படுத்தியது. அதன்பின் அவர் அதை மறுக்கவில்லை. மகனை மகன் என்று அழைக்கும் உரிமையை, அந்தத் தாய் நம் அடையாற்று மண்ணில்தான் பெற்றார் என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

கோடைக்கானலும் அப்பாலும்

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தால் சென்னை நகரம் காலியாயிற்று. அம்மையார் கோடைக்கானல் மலைக்குச் சென்றார். இரண்டாண்டுகள் அங்கே தங்கினார். பல நாட்டுக் குழந்தைகளும் உள்ளூர்க் குழந்தைகளும் சேர்ந்த சிறு பள்ளி ஒன்று அமைந்தது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அம்மையார் அதில் துணைநின்றார். செடி, பூச்சி, பாறை, நீர் ஆகிய யாவும் பாடமாயின. ஒவ்வோர் உயிரும் மற்றொன்றுக்காகத் தெரிந்தோ தெரியாமலோ உழைக்கிறது. மனிதனும் அந்தப் பேரமைப்பில் ஓர் உறுப்பே என்னும் கருத்தை அவர் அங்கே வளர்த்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான அவருடைய கல்வித் திட்டம் அந்த மலையில் உருப்பெற்றதே. உலகமே பகையால் எரிந்துகொண்டிருந்த நாளில், காவலில் இருந்த ஒருவர் உலகம் ஒரே குடும்பம் என்று குழந்தைகளுக்குக் கற்பித்தார். நம் கணியன் பூங்குன்றனார் அன்று இருந்திருந்தால் அவரைத் தம் உறவினர் என்றே கொண்டிருப்பார்.

நம் நாட்டுத் தாய்மாரை அவர் கூர்ந்து நோக்கினார். சந்தைக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் இடுப்பில் குழந்தையைச் சுமந்தே செல்லும் வழக்கத்தை வியந்தார். காண்பதையெல்லாம் அக்குழந்தை உறிஞ்சிக்கொள்கிறது. மொழியும் பண்பும் அவ்வாறே படிகின்றன என்று விளக்கினார். இந்தியாவில் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-ஆம் ஆண்டு சென்னையில் அச்சாயிற்று. உள்வாங்கும் மனம் என்னும் பொருள்படும் பெயருடையது அது. அகமதாபாத், கராச்சி, இலங்கை எனப் பல இடங்களிலும் பயிற்சி நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர்.

1946-ஆம் ஆண்டு ஐரோப்பா திரும்பினார். ஆயினும் அடுத்த ஆண்டே மறுபடியும் இந்தியா வந்தார். யாரும் அடைத்து வைக்காத காலத்தில் தாமே விரும்பி வந்தார் என்பது கருதத்தக்கது. 1949 முதல் மூன்று ஆண்டுகள் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் நோர்த்விக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று பணியாற்றலாமா என்று மகனோடு பேசிக்கொண்டிருந்த சிறிது நேரத்துக்குள் உயிர் பிரிந்தது என்பர். அவருடைய உயிலில் மாரியோ மகன் என்றே எழுதப்பட்டிருந்தது. அவர் பள்ளிகளை மூடிய இத்தாலி நாடு, 1990-ஆம் ஆண்டில் தன் ஆயிரம் லிரா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது.

நான் கண்ட விடை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எங்கள் கடற்கரையையும் தாக்கியது. நான் அப்போது பிறக்கவில்லை. தற்காலிகக் கொட்டகைகளில் பெரியவர்கள் விழித்தபடி சுருண்டு கிடந்த நாள்களில், குழந்தைகளை ஒன்றுகூட்டி விளையாட வைத்தபோதுதான் அந்த இடத்துக்கு ஒரு வீட்டின் களை வந்தது என்று என் தாயார் சொல்லியிருக்கிறார். அதைப் பலமுறை கேட்டும் பொருளறியாமல் இருந்தேன். மாண்டிசோரி அம்மையாரின் வரலாறு அதன் பொருளை விளக்கிவிட்டது. சுவரும் கூரையும் மட்டும் வீடாகா. ஓரிடத்தில் குழந்தைகளுக்காக நாம் ஏதேனும் செய்யத் தொடங்கும்போது அந்த இடம் நம் வீடாகிறது. ரோமாபுரியிலும் பார்சிலோனாவிலும் அடையாற்றிலும் கோடைக்கானலிலும் அவர் அப்படித்தான் வீடமைத்தார். எந்த அரசும் அவரிடமிருந்து நாட்டைப் பறிக்க முடிந்தது. இந்த வீட்டைப் பறிக்க முடியவில்லை.

இதை என் தோழியிடம் சொன்னேன். அவள் பொறுமையுடன் கேட்டாள். பின்னர், வீடமைப்பது வந்தவரின் கடமை சரி, அவரை வீட்டார் என்று ஏற்பது யார் கடமை என்று கேட்டாள். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அம்முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. பெயர் மாறியது நன்றே. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, என்னோடு ஒரே பேருந்தில் வரும் ஒருத்திக்கு அது முழு விடை ஆகாது. பாரதியாருக்குப் பத்தாண்டுகள் புகலிடம் தந்த மண் இந்தப் புதுவை. அந்தப் பெருமையைப் பேசும் நாம், அவளுடைய இரண்டாம் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அந்த விடையை நூலகத்தில் தேடிப் பயனில்லை. நாமே எழுத வேண்டும்.

அடுத்த ஆண்டு அவள் மழலையர் ஆசிரியப் பயிற்சியில் சேரப்போகிறாள். உப்புத்தாள் வாங்கி எழுத்துகளை வெட்டத் தொடங்கிவிட்டாள். முதலில் வெட்டிய அகரத்தை என் தாயாரின் பால்வாடிக்குக் கொடுத்தனுப்பினாள். இன்று காலை ஒரு மூன்று வயதுக் குழந்தை அதன்மேல் விரலை ஓட்டியதை நான் கண்டேன்.